பழைய லேப்டாப்பும் விட்டு விட்டு வரும் வைஃபையும்: கார்டா, டாங்கிளா, கேபிளா?

மதுரையில் சிம்மக்கல் பக்கம் எங்கள் வீடு. தாத்தா காலத்துக் கட்டடம். ஒன்றரை அடிச் சுவர், தலைக்கு மேல் மெட்ராஸ் தர்ராஸ், நடுவில் முற்றம். இன்டர்நெட் வயர் வாசல் வழியாக வந்து முன்னறை ரவுட்டரோடு நின்றுவிடுகிறது. மதினி ஆன்லைனில் கணக்குப் பாடம் எடுப்பதோ கடைசி அறையில். நடுவில் மூன்று சுவர், ஒரு இரும்பு பீரோ. லேப்டாப், மதினியின் அண்ணன் 2016-இல் அமெரிக்காவில் இருந்து கொண்டு வந்தது.

"தம்பி, மறுபடி நின்னு போச்சுப்பா. துபாய்ப் பிள்ளை அங்கிட்டு மிஸ் மிஸ்னு கூப்பிட்டுக்கிட்டே இருக்கு." வாரத்தில் நாலு நாள் இந்தக் குரல் கேட்கும். லேப்டாப்புக்குள் இருக்கும் வைஃபை கார்டை (அட்டை என்றும் சொல்வேன்) மாற்றச் சொன்னார் என் அண்ணன். யுஎஸ்பி ஓட்டையில் வெளியே சொருகும் வைஃபை டாங்கிள் போதும் என்றார் கடைக்காரர். கேபிள் இழுத்துவிடலாம் என்பது என் கட்சி. கடைசியில் மூன்றையும் செய்து பார்த்துவிட்டோம், கொஞ்சம் காசு வீணாகத்தான்.

கடைக்குப் போகும் முன் ஒரு சோதனை. விண்டோஸின் கமாண்ட் பிராம்ப்டில் ரவுட்டர் முகவரிக்கு (பல வீடுகளில் 192.168.1.1) விடாமல் பிங் போடுங்கள், அதாவது ஒரு குரல் கொடுத்து, பதில் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்கும் கட்டளை. இன்னொரு ஜன்னலில் வெளியே இருக்கும் கூகுளின் 8.8.8.8-க்குப் போடுங்கள். ரவுட்டர் வரை ஒழுங்காக இருந்து, வெளியே போவது மட்டும் விட்டுப்போனால் லேப்டாப் மேல் குற்றமில்லை. இன்டர்நெட் கம்பெனிக்குப் போன் போட வேண்டியதுதான். எங்களுக்கு ரவுட்டர் பிங்கே 3 மில்லிசெகண்டில் இருந்து 800-க்குத் தாவியது, இடையிடையே பதிலே வரவில்லை. அதே மேசையில் என் போனுக்கு ஒரு குறையும் இல்லை. சரி, கோளாறு லேப்டாப்பில்தான்.

செலவில்லாத வேலைகளை முதலில் முடித்தேன். டிவைஸ் மேனேஜரில் வைஃபை அட்டைக்குள் போய், மின்சாரம் மிச்சம் பிடிக்க அட்டையை அணைத்துக்கொள்ளலாம் என்ற டிக்கை எடுத்தேன். அட்டையை இயக்கும் மென்பொருளான டிரைவரைப் பழைய பதிப்புக்குத் திருப்பினேன். ரவுட்டரின் பாதுகாப்பு டபிள்யூபிஏ3-இல் இருந்தால் டபிள்யூபிஏ2-க்கு இறக்கிப் பாருங்கள், பழைய அட்டைகள் பலவற்றுக்குப் புதியது புரியாது. இதிலேயே பாதிப் பேருக்குச் சரியாகிவிடும் என்பது என் கணிப்பு. எங்களுக்குக் கால்வாசிதான் சரியானது.

அடுத்தது சேனல், அதாவது வைஃபை அலைவரிசைக்குள் ரவுட்டர் பிடிக்கும் தடம். இது கொஞ்சம் வேடிக்கையான கதை. மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரண்டை நிறுத்தித் திரும்ப விட்ட சில சாயங்காலங்களில் எங்கள் வைஃபை பெயரே அந்த லேப்டாப்பில் தெரியாது. போன்களில் தெரியும். ரவுட்டர் மறுபடி எழும்போது ஆட்டோவில் தானாக ஒரு சேனலைப் பிடிக்கிறது, சில நாள் அது 13. இந்தியாவில் 2.4 கிகாஹெர்ட்ஸில் 1 முதல் 13 வரை பயன்படுத்தலாம். அமெரிக்காவில் நடைமுறையில் 11 வரைதான், அங்கே விற்கிற அட்டைகள் பல அதற்கு மேல் தேடுவதே இல்லை. ஒன்றோடு ஒன்று மோதாத 1, 6, 11 ஆகியவற்றில் எங்கள் தெருவில் கூட்டம் குறைந்தது 1. அதில் நிறுத்தி, அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸ் என்று கட்டிப்போட்டேன். மறையும் வியாதி அன்றோடு போனது. அறுந்து போகும் வியாதி மட்டும் மிஞ்சியது.

அதன் காரணம் தற்செயலாகத்தான் கிடைத்தது. மின்விசிறிக் காற்றுக்காக மதினி திரையைப் பின்னால் சாய்த்தார். சிக்னல் செத்தது. நிமிர்த்தினார், வந்தது. வைஃபை அட்டை கீழே மதர்போர்டில் இருந்தாலும் அதன் ஆன்டெனா பெரும்பாலும் மேலே திரையின் விளிம்பில்தான் இருக்கும். நடுவில் தலைமுடி போன்ற மெல்லிய ஒயர் கீல் வழியாக ஏறிப் போகிறது. கடைக்காரர்கள் ஹிஞ்ச் என்பார்களே, அதுதான். ஒன்பது வருடம் திறந்து மூடியதில் அது நைந்திருக்கலாம். போன வருடம் ஆடிய கீலை ஒரு கடையில் இறுக்கிக் கொடுத்தார்கள், அப்போதே ஒயர் நசுங்கியிருக்கும் என்பது என் சந்தேகம்.

இங்கேதான் ஒப்பீடே தொடங்குகிறது. பெட்டி மேல் 150, 867, 2400 என்று மெகாபிட் போட்டிருப்பதைப் பார்த்து வாங்கினால் ஏமாறுவோம். வீடியோ வகுப்புக்கு 4 மெகாபிட் விடாமல் வந்தாலே தாராளம். பார்க்க வேண்டியது, நம் லேப்டாப்பில் கெட்டுப்போன இடத்தை எது தாண்டிப் போகிறது என்று. கார்டை மாற்றினால் சிப் மட்டும் புதிது, ஒயரும் ஆன்டெனாவும் பழையவையே. டாங்கிள் அவை எல்லாவற்றையும் விட்டுவிடுகிறது, சுவரை மட்டும் அதுவும் துளைத்தாக வேண்டும். கேபிளுக்குச் சுவரும் கிடையாது, காற்றும் கிடையாது.

இதை முன்னாலேயே யோசித்திருந்தால் கார்டுக் காசு மிஞ்சியிருக்கும். அண்ணன் பிடிவாதம், அதுதான் முதலில் நடந்தது. அவரைக் குறை சொல்ல முடியாது. ஒயர் நன்றாக இருக்கிற லேப்டாப்புக்கு அதைவிட நல்ல வைத்தியம் இல்லை. வெளியே எதுவும் தொங்காது, ப்ளூடூத்தும் சேர்ந்து புதிதாகும். ஆனால் வாங்கும்போது வழுக்கும் இடங்கள் நிறைய. 2013-க்கு முந்தைய லேப்டாப் என்றால் பெரும்பாலும் மினி பிசிஐஇ சொருகி, அதற்குப் பின் மெல்ல எம்.2 வந்தது. அட்டையைக் கழற்றிக் கையில் கொண்டுபோய்க் காட்டி வாங்குவதே உத்தமம். இன்டெல்லில் ஏஎக்ஸ்200, ஏஎக்ஸ்201, ஏஎக்ஸ்210 மூன்றும் பார்க்க அண்ணன் தம்பிகள் மாதிரி இருக்கும். நடுவில் உள்ள 201, பாதி வேலையைப் பிராசசரிடம் ஒப்படைக்கும் வகை. 2016 லேப்டாப்பில் சொருகினால் வெறும் தகடுதான். 210-க்கு 64 பிட் விண்டோஸ் வேண்டும். ஹெச்பி, லெனோவாவின் பழைய மாடல்கள் சிலவற்றில் லேப்டாப்பை எழுப்பும் பயாஸ் மென்பொருளே ஒரு பட்டியல் வைத்திருக்கும், அதில் இல்லாத அட்டையைப் போட்டால் லேப்டாப் எழுந்திருக்காது.

நாங்கள் 210 வாங்கினோம். திருப்புளி எடுத்து, பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு (இதை மட்டும் மறக்காதீர்கள்) பின்மூடியைத் திறந்தால் உள்ளே ஒரே ஒரு ஆன்டெனா ஒயர்! விலை குறைந்த மாடல்களில் இப்படி ஒன்றோடு முடித்துவிடுகிறார்கள். புது அட்டைக்கு ஒயர் மாட்ட இரண்டு காது, ஒன்று சும்மா கிடந்தது. அந்தக் குட்டி இணைப்பியை அடிக்கடி பிடுங்கிச் சொருகவும் கூடாது. யு.எஃப்.எல் என்ற வகைக்குத் தயாரிப்பாளர் சொல்லும் ஆயுளே 30 தடவைதான். முன்னறையில் வேகம் பறந்தது. கடைசி அறையில் 5 கிகாஹெர்ட்ஸ் மூன்றாவது சுவரைத் தாண்டவில்லை, பழையபடி 2.4-க்கே இறங்கியது. திரையைச் சாய்த்தால் பழையபடி செத்தது.

ஒயரையும் மாற்றலாமே என்பீர்கள். மாற்றலாம். ஆனால் திரையின் சட்டத்தைப் பிரிக்க வேண்டும். பழைய பிளாஸ்டிக் என்றால் கொக்கிகள் உடைய வாய்ப்பு அதிகம். எனக்குத் துணிச்சல் வரவில்லை.

பிறகு டாங்கிள். டவுன்ஹால் ரோட்டில் சில நூறு ரூபாய்க்கு நகம் அளவில் ஒன்று வாங்கினேன். விளங்கவில்லை. நகத்தளவு பெட்டிக்குள் எவ்வளவு ஆன்டெனாதான் வைக்க முடியும்? கூடவே பக்கத்து ஓட்டையில் மதினியின் ஹார்டு டிஸ்க். யுஎஸ்பி 3.0 ஓடும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கம் இரைச்சல் கிளப்பும் என்று 2012-லேயே இன்டெல் எழுதி வைத்திருக்கிறது. டிஸ்க்கைப் பிடுங்கினால் பிங் நேராகிறது, சொருகினால் ஆடுகிறது. அடுத்து, நிமிர்த்தி வைக்கும் ஆன்டெனா உள்ள இரட்டை அலைவரிசை (2.4, 5 கிகாஹெர்ட்ஸ் இரண்டும்) டாங்கிள். அதை லேப்டாப்பில் நேராகச் சொருகாமல் ஒரு மீட்டர் எக்ஸ்டென்ஷன் ஒயரில் மாட்டி பீரோ தலையில் உட்கார வைத்தேன். வித்தியாசம் அதில்தான் வந்தது. ஒரு மணி நேர வகுப்பில் ஒன்றிரண்டு முறை திக்கும், முழுதாக அறுவதில்லை. உள்ளே இருக்கிற அட்டையின் வைஃபையை மட்டும் டிவைஸ் மேனேஜரில் அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் இரண்டும் மாறி மாறி ஒட்டிக்கொண்டு புதுத் தலைவலி தரும்.

நடுவில் காசில்லாமல் நாலு நாள் ஓட்டியது போன். ஆண்ட்ராய்டு போனை வைஃபையில் வைத்து, சார்ஜர் ஒயரால் லேப்டாப்பில் மாட்டி, யுஎஸ்பி டெதரிங்கைப் போட்டால் பெரும்பாலான போன்கள் அந்த வைஃபையையே லேப்டாப்புக்குக் கொடுக்கும். வகுப்பு நடுவில் யாராவது போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். ரிப்பீட்டர் வாங்கச் சொன்ன பக்கத்து வீட்டு மாமாவுக்கு ஒரு கும்பிடு. ஒரே அலைவரிசையில் வாங்கி அதிலேயே திருப்பிச் சொல்லும் ரிப்பீட்டர், வேகத்தைப் பாதியாக்கும். நைந்த ஒயருக்கு அது என்ன செய்யும்?

கேபிளைப் பற்றி எழுத அதிகம் இல்லை, நல்ல மருமகளைப் பற்றிப் பேச ஊருக்கு ஒன்றும் இருக்காதே, அந்த மாதிரி. முன்னறையில் இருந்து முற்றத்து ஓரமாகக் கடைசி அறைக்கு 22 மீட்டர் கேட்5இ வகை நெட்வொர்க் கேபிள். 100 மீட்டர் வரை அது தாங்கும். பிங் 1 மில்லிசெகண்டுக்குக் கீழே போய் அங்கேயே படுத்துக்கொண்டது. லேப்டாப்பில் லேன் ஓட்டை இருந்தது. மெல்லிய மாடல் என்றால் யுஎஸ்பி லேன் அடாப்டர் ஒன்று கூட வேண்டும். அலுமினியத்தில் செம்பு பூசிய மலிவுக் கேபிளைத் தள்ளி முழுச் செம்பு கேளுங்கள். முற்றத்தில் மதுரை வெயில் படுகிற துண்டுக்குக் கறுப்பு உறை போட்ட வெளிப்புறக் கேபிள் போடுங்கள், சாதா உறை வெடித்துவிடும். கரண்ட் ஒயர் போகும் அதே பைப்புக்குள் இதைத் திணிக்காதீர்கள்.

ஒரே மேசையில் வேலை என்றால் கேபிள்தான், இரண்டாம் பேச்சே வேண்டாம். வீடு முழுக்க லேப்டாப்போடு நடக்கிறவர் முதலில் திரையை ஆட்டிப் பார்த்து, சிக்னல் அசையாவிட்டால் கார்டுக்குப் போகலாம். அசைந்தால் ஆன்டெனா வைத்த டாங்கிள். நகத்தளவு டாங்கிளை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

எங்கள் வீட்டில் கேபிள் நிரந்தரம், டாங்கிள் மதினியின் பையில். மேலூரில் அம்மா வீட்டுக்குப் போனால் அங்கே ஜன்னல் கம்பியில் அதைக் கட்டித் தொங்கவிட்டு வகுப்பு எடுக்கிறார். அண்ணனுடைய 210 இன்னும் உள்ளேதான் இருக்கிறது, ப்ளூடூத் ஹெட்செட்டுக்கு.