யின் குறைபாட்டுக்கு மோக்ஸா: என் இரண்டு வருட அனுபவம்

எனக்கு 51 வயது, சிங்கப்பூரில் இருக்கிறேன். மாதவிடாய் நிற்கும் சமயத்தில் ராத்திரி வியர்வை ஆரம்பித்தது. உள்ளங்கை, உள்ளங்கால், நெஞ்சு மூன்றும் காந்தும். சாயங்காலமானால் கன்னம் சிவந்துவிடும். முதலில் டாக்டரிடம் போய் தைராய்டு, சர்க்கரை, நெஞ்சு எக்ஸ்ரே எல்லாம் பார்த்துவிட்டேன். நீங்களும் அதை முதலில் செய்யுங்கள், ராத்திரி வியர்வைக்கு வேறு காரணங்களும் உண்டு.

அப்புறம்தான் சீன வைத்தியரிடம் போனேன். இங்கே சின்சே என்போம். நாக்கு சிவப்பு, மேல்படிவு இல்லை, நாடி மெலிந்து வேகமாக ஓடுகிறது, இது யின் குறைபாடு, அதாவது உடம்பைக் குளிர்ச்சியாகவும் ஈரமாகவும் வைக்கும் சக்தி குறைந்திருக்கிறது என்றார். "அடுப்பில் தீ கூடவில்லை, பானையில் தண்ணீர்தான் குறைந்திருக்கிறது." மூலிகைப் பொடி கொடுத்தார். மூலிகைக் குச்சியைப் பற்றவைத்து தோலுக்குப் பக்கத்தில் சூடு காட்டும் மோக்ஸா பற்றிப் பேசவே இல்லை.

நான்தான் அவசரப்பட்டேன். தோழிக்கு அடிவயிற்றுக் குளிர்ச்சிக்கு மோக்ஸா நன்றாகக் கேட்டதைப் பார்த்து, நானும் ஒரு பெட்டி வாங்கினேன். நம் மரிக்கொழுந்து இனத்துச் செடியின் இலையைக் காயவைத்து, இடித்துப் பஞ்சாக்கி, காகிதத்தில் சுருட்டிய குச்சி அது. தொப்புளுக்குக் கீழே தினமும் 15 நிமிடம் காட்டினேன். நாலாம் நாளே தொண்டை வறண்டு, விடிகாலை 3 மணி வரை தூக்கம் போச்சு. "சூட்டு உடம்புக்கு மேல சூடு வைக்கிறியேடி" என்று அம்மா போனிலேயே திட்டினார். அம்மா சொன்னது சரிதான்.

சின்சேயிடம் ஒப்புக்கொண்டேன். மெலிந்து வேகமாக ஓடும் நாடிக்கு மோக்ஸா கூடாது என்று சுமார் 1800 வருடங்களுக்கு முன்பே ஜாங் ஜோங்ஜிங் என்ற சீன வைத்தியர் எச்சரித்திருக்கிறார் என்றார். ஆனால் மேலே ஏறிய சூட்டைக் கீழே இறக்க, உள்ளங்காலில் யோங்ச்சுவான் என்ற புள்ளியில் மட்டும் லேசாக வைப்பவர்களும் உண்டாம். கால் விரல்களை மடக்கினால் முன்பாதத்தில் விழும் குழிதான் அந்த இடம். ஒரு காலுக்கு 5 நிமிடம், வாரம் இரண்டு தடவை, தோலிலிருந்து 3 செ.மீ. தள்ளி. வாய் வறண்டால் அன்றே நிறுத்திவிட வேண்டும்.

அப்படித்தான் செய்து வருகிறேன். மூன்று மாதத்தில் முகம் காந்துவது குறைந்தது. வியர்வையில் நனைந்து தினமும் நடுராத்திரியில் நைட்டி மாற்றியவள், இப்போது வாரத்துக்கு ஒரு தடவைதான் மாற்றுகிறேன். ஆனால் பொடியும் கூடவே சாப்பிட்டேன், வயதும் நகர்ந்தது. மோக்ஸாவால் மட்டும் என்று சொல்ல மனசு வரவில்லை. கண் வறட்சிக்கு ஒரு பலனும் இல்லை.

புகைதான் பெரிய தொல்லை. அடுக்குமாடி வீட்டில் ஜன்னலைத் திறந்து வைத்தாலும் திரைச்சீலையில் வாடை நிற்கும். புகையில்லாத கரிக்குச்சியை வாங்கிப் பார்த்தேன். அதன் சூடு சுருக்கென்று ஏறி, கணுக்காலில் கொப்புளம் போட்டுவிட்டது. பழையபடி இலைக்குச்சிக்கே வந்துவிட்டேன். முடிந்ததும் குச்சியை மணல் ஜாடியில் தலைகீழாகச் செருகுங்கள். வெளியே அணைந்த மாதிரி தெரிந்தாலும் உள்ளே கனன்றுகொண்டிருக்கும்.

இப்போதும் குச்சியைப் பற்றவைக்கும் முன் கண்ணாடியில் நாக்கைப் பார்க்கிறேன். சிவந்து வெடித்திருந்தால் அன்றைக்கு வைப்பதில்லை.