45 டாலரும் 86 நாள் சேவ்வும் போனது: காசு கொடுத்து மோட் பேக் வாங்காதீர்கள்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன். '7 டேஸ் டு டை' என்ற ஜாம்பி கேமை விளையாடுகிறவர்கள், அதிலும் முதல்முறையாகப் பெரிய மோட் (ஆட்டத்தை மாற்ற ரசிகர்கள் செய்யும் ஃபைல்கள்) போடலாம் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள், தயவுசெய்து முழுவதும் படியுங்கள். 45 டாலர் ஏமாந்திருக்கிறேன். மோடைப் பாதுகாப்பாகப் போடுவது எப்படி என்று கடைசியில் சொல்கிறேன், முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் நான்கு நண்பர்கள். உலகம் என் கணினியில்தான் ஓடும், மற்ற மூவரும் அதில் வந்து சேர்வார்கள். ஆட்டத்தின் கணக்கில் 86-ஆம் நாளில் இருந்தோம். ஏழு நாளைக்கு ஒருமுறை ஜாம்பிக் கூட்டம் பாய்ந்து வரும் ரத்த நிலா இரவை 12 தடவை தாங்கிய கோட்டை அது. கோப்பிள்ஸ்டோனில் ஆரம்பித்து, கான்கிரீட்டாக்கி, கடைசியில் முன்பக்கம் முழுக்க ஸ்டீல் ஆக்கியிருந்தோம். ஒவ்வொரு சுவர்க்கட்டியும் யாரோ ஒருவர் நின்று நின்று தட்டி உயர்த்தியது. ஆனால் ஆட்டம் சலித்துவிட்டது, ஜாம்பிகள் எங்கே ஏறும் எங்கே விழும் என்று எல்லாம் மனப்பாடம். அதனால் ஆட்டத்தையே மாற்றிப்போடும் ஓவர்ஹால் மோட் ஒன்று போடலாம் என்று முடிவு செய்தோம், போடும் பொறுப்பை நான் ஏற்றுக்கொண்டேன்.

கேம் கணக்கு, காயின், கோச்சிங் எல்லாம் விற்கிற ஒரு சந்தைத் தளத்தில்தான் அந்த ஆளைப் பார்த்தேன். 'முழு ஓவர்ஹால் பேக், போட்டுத் தருவதும் சேர்த்து, 30 டாலர்.' வாங்குவதற்கு முன் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன்: ஏற்கெனவே ஆடிக்கொண்டிருக்கும் சேவ்வில், அதாவது சேமித்து வைத்த ஆட்டத்தில், இது ஓடுமா? இரண்டு நிமிடத்தில் பதில் வந்தது: 'தாராளமாக ஓடும் நண்பா, பிரச்சினை வந்தால் நான் இருக்கிறேன்.' அதோடு விடாமல் என்ன வெர்ஷன், எவ்வளவு ரேம், தனி சர்வரா உங்கள் கணினியேவா என்று விசாரித்தான். விஷயம் தெரிந்தவன் கேட்கிற கேள்விகள்தான் எல்லாம். அந்த இடத்தில்தான் நம்பினேன். வெர்ஷன் 1.0 என்று நான் சொன்னதை அவன் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது.

30 டாலர் கட்டியதும் ஒரு ஜிப் வந்தது. பிரித்து மோட்ஸ் ஃபோல்டரில் போட்டேன். ஆட்டத்தில் ஒரு மாற்றமும் இல்லை. கேட்டால், 'ரிமோட்டில் வந்து சரிசெய்கிறேன், அதற்குத் தனியாக 15 டாலர், தளத்துக்கு வெளியே அனுப்புங்கள், இங்கே கட்டினால் கமிஷன் பிடிப்பார்கள்' என்றான். போட்டுத் தருவதும் சேர்த்து என்றுதானே எழுதியிருந்தான்! இருந்தாலும் நண்பர்கள் மூவரும் காத்திருக்கிறார்களே என்று அனுப்பிவிட்டேன். ஆக 45 டாலர்.

ரிமோட்டில் வந்தான். என் மவுஸ் அம்புக்குறி தானாக நகர்வதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். ஒரு ஃபோல்டருக்குள் அதே பெயரில் இன்னொரு ஃபோல்டர் இருந்தது. உள்ளே இருந்ததை ஒரு படி மேலே இழுத்துப் போட்டான், அவ்வளவுதான். மோட்இன்ஃபோ.எக்ஸ்எம்எல் என்ற ஃபைல் மோடின் சொந்த ஃபோல்டரில் நேரடியாக இல்லாவிட்டால் ஆட்டம் அதைக் கண்டுகொள்ளாது. 15 டாலர் வாங்கிக்கொண்டு அவன் செய்த வேலை அந்த ஒரே இழுப்பு.

அதற்கடுத்து செய்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. 'இது டிஎல்எல் உள்ள மோட், ஆன்டி-சீட்டையும் ஆன்டிவைரஸையும் அணைக்க வேண்டும்' என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னான். முதல் பாதி உண்மை. டிஎல்எல் (புரோகிராம் கோடு அடங்கிய ஃபைல்) உள்ள மோட் ஓட வேண்டுமென்றால் லாஞ்சரில் ஈஸி ஆன்டி-சீட் என்ற ஏமாற்றுத் தடுப்பை அணைத்துத்தான் ஆக வேண்டும், அதை நானே ஏற்கெனவே படித்திருந்தேன். அது தெரிந்திருந்ததால்தான் கூடவே சொன்ன இரண்டாவதையும் யோசிக்காமல் ஒப்புக்கொண்டேன். ஆன்டி-சீட் ஆட்டத்துக்கு, ஆன்டிவைரஸ் என் கணினிக்கு. இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. அணைத்த பிறகு 'பேட்ச்' என்று ஒரு எக்ஸ்இ ஃபைலை ஓட்டினான். கருப்பு ஜன்னல் ஒன்று மின்னி மறைந்தது. 'பேக்கப் எடுத்தாச்சு, ஆடுங்க' என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

இருபது நிமிடம் நன்றாகத்தான் ஓடியது. அப்புறம் திரையில் சிவப்பு நிறத்தில் பிழை வரிகள் கொட்ட ஆரம்பித்தன. எஃப்1 அழுத்திக் கன்சோலைத் திறந்தால் மஞ்சளும் சிவப்புமாக முடிவில்லாமல் ஓடுகிறது. போட்டிருந்த கவசம் காணவில்லை, பெட்டிகளில் பாதி காலி. வெளியே வந்து திரும்ப நுழைந்தால் உலகமே திறக்கவில்லை. மோடை எடுத்துவிட்டுப் பார்த்தேன், அப்போதும் இல்லை. மோட் சேர்த்த பொருள்கள் ஒருமுறை சேவ்வுக்குள் போய்விட்டால், மோடை நீக்கிய பிறகும் சேவ் அவற்றைத் தேடிக்கொண்டுதான் இருக்கும்.

சரி, பேக்கப் இருக்கிறதே என்று போய்ப் பார்த்தால், அவன் காப்பி எடுத்திருந்தது ஜெனரேட்டட்வேர்ல்ட்ஸ் ஃபோல்டரை மட்டும். அதில் மலையும் சாலையும் முதல் நாள் இருந்த கட்டடங்களும்தான் இருக்கும். நாங்கள் கட்டியது, தோண்டியது, சேர்த்தது எல்லாம் சேவ்ஸ் ஃபோல்டரில். அதை அவன் தொடவே இல்லை. 86 நாளும் போனது.

மறுநாள் அந்த மோட்இன்ஃபோ ஃபைல்களை ஒவ்வொன்றாக நோட்பேடில் திறந்தேன். ஆசிரியர் என்ற வரியில் ஒவ்வொன்றிலும் வேறு வேறு பெயர். இணையதள முகவரி இருக்க வேண்டிய வரியை மட்டும் எல்லாவற்றிலும் அழித்திருக்கிறான். தேடிப் பார்த்தால் அத்தனையும் யார் யாரோ மாதக்கணக்கில் உட்கார்ந்து செய்து இலவசமாகக் கொடுத்த மோடுகள்! அதுவும் 1.0-க்கு முந்தைய வெர்ஷனான ஆல்ஃபா 21-க்குச் செய்தவை. 2024-இல் 1.0 வந்தபோது பழைய உடைகளையெல்லாம் தூக்கிவிட்டுப் புதுக் கவசங்கள் வைத்தார்கள், பழைய மோட் இல்லாத பொருளைத் தேடினால் சிவப்பு வரி வராமல் என்ன வரும்? செய்தவர்களுக்கும் துரோகம், வாங்கிய எனக்கும் துரோகம்.

அவனிடம் கேட்டேன். முதலில் 'உங்கள் ரேம் போதாது' என்றான். ஆட்டம் பிழைகளைக் குறித்து வைக்கும் லாக் ஃபைலை அனுப்பச் சொன்னான், அனுப்பினேன், ஒரு நாள் முழுக்கப் பதிலே இல்லை. அப்புறம் 'புது உலகம் ஆரம்பியுங்கள், பழைய சேவ்வில் ஓடும் என்று நான் சொல்லவில்லையே' என்றான். அவன் சொன்னதைப் படமெடுத்து அனுப்பினேன். பிளாக் செய்துவிட்டான். தளத்தில் புகார் கொடுத்தால் முதலில் தானியங்கிப் பதில், பிறகு 'விற்பனையாளரிடம் பேசுங்கள்', பிளாக் செய்துவிட்டான் என்று எழுதினால் 'டிஜிட்டல் பொருள், டவுன்லோடு செய்துவிட்டீர்கள், பணம் திரும்பக் கிடைக்காது'. 15 டாலரைப் பற்றிக் கேட்டதற்கு, வெளியே கட்டியது எங்கள் பொறுப்பில்லை என்று ஒரே வரி. புகார் டிக்கெட்டை மூடிவிட்டார்கள். திரும்பத் திறந்தேன், திரும்ப மூடினார்கள். 45 டாலரில் ஒரு சென்ட்கூட வரவில்லை.

இதோடு முடியவில்லை. நேற்றிரவு என் அரட்டைக் கணக்கிலிருந்து நண்பர்கள் எல்லாருக்கும் ஏதோ பரிசு லிங்க் போயிருக்கிறது. நான் அனுப்பவில்லை. இரண்டடுக்குச் சரிபார்ப்பு போட்டிருந்தும் நுழைந்திருக்கிறார்கள். லாகின் ஆகியிருப்பதை பிரவுசர் நினைவில் வைக்கும் குக்கீ என்ற சிறு தகவலைத் திருடிவிட்டால் பாஸ்வேர்டும் வேண்டாம், சரிபார்ப்பு எண்ணும் வேண்டாம். அந்தக் கருப்பு ஜன்னல் என்ன செய்தது என்று எனக்கு இப்போது புரிகிறது.

விரிவாக எழுத நினைத்தேன், இப்போது நேரமில்லை, முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். மோடை அதைச் செய்தவரின் பக்கத்திலிருந்தே எடுங்கள், எந்த வெர்ஷனுக்கு என்று பாருங்கள். ஓவர்ஹால் மோட் என்றால் புது உலகம்தான், பழைய சேவ்வில் ஓடும் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். சேவ்ஸ், ஜெனரேட்டட்வேர்ல்ட்ஸ் இரண்டையும் நீங்களே உங்கள் கையால் காப்பி எடுத்து வேறு இடத்தில் வையுங்கள். ஆன்டிவைரஸை அணைக்கச் சொன்னால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். ரிமோட்டில் யாரையும் விடாதீர்கள், தளத்துக்கு வெளியே பணம் அனுப்பாதீர்கள்.

ஏற்கெனவே இப்படி எதையாவது ஓட்டியிருந்தால் பாஸ்வேர்டை அதே கணினியில் மாற்றாதீர்கள், வேறு கருவியிலிருந்து மாற்றி, எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறும் பொத்தானை அழுத்துங்கள். நானும் இப்போது போனை வைத்துக்கொண்டு அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன், இன்னும் நான்கு கணக்குகள் பாக்கி.