கூட்டுப் புள்ளியா, எலோவா? ஒரு சதுரங்க வகுப்பின் தரவரிசை

வெள்ளவத்தையில் ஞாயிறுதோறும் நான் நடத்தும் சதுரங்க வகுப்பில் 18 பிள்ளைகள் பயில்கிறார்கள். அவர்களை எவ்வாறு தரவரிசைப்படுத்துவது என்று முடிவெடுக்க வேண்டி வந்தபோது, மூன்று துறைகளின் முறைகளை ஆராய்ந்து, இறுதியில் எதிராளியின் பலத்தைப் பொறுத்துப் புள்ளியைக் கூட்டிக் குறைக்கும் எலோ முறையைத் தேர்ந்தேன்.

உயர்தரப் பரீட்சையின் இசட் புள்ளி நம் வீடுகளுக்குப் பழக்கமானது. வெவ்வேறு பாடங்களின் பெறுபேறுகளை ஒரே தராசில் நிறுக்க அது உதவுகிறது. வாராவாரம் எதிராளி மாறும் விளையாட்டுக்கு அது பொருந்தாது.

ஆண்களுக்கான டெனிஸ் தரவரிசை, கடந்த 52 வாரங்களில் ஈட்டிய புள்ளிகளைக் கூட்டுகிறது. கிராண்ட் ஸ்லாம் பட்டம் வென்றால் 2000 புள்ளி கிடைக்கும். ஓராண்டு கழிந்ததும் அவை கணக்கிலிருந்து நீங்கிவிடும். பெற்றோருக்கு எளிதில் விளங்கும் என்பதால், இம்முறையைச் சுருக்கி ஒரு தவணை முழுவதும் பின்பற்றினேன். புலமைப்பரிசில் பரீட்சைக்காக இரண்டு மாதம் வராதிருந்த மாணவி ஒருத்தி, திரும்பி வந்த அன்றே முதலிடத்தில் இருந்த பையனை வென்றாள்; ஆயினும் பட்டியலின் அடியில்தான் அவள் பெயர் இருந்தது. வரவைத்தான் அளந்திருக்கிறேன், திறமையை அல்ல என்பது அன்று உறைத்தது.

பௌதிகப் பேராசிரியர் ஆர்பாட் எலோ வகுத்து, உலக சதுரங்கச் சம்மேளனம் 1970இல் ஏற்றுக்கொண்ட முறையில், யாரை வென்றோம் என்பதே புள்ளியைத் தீர்மானிக்கிறது. 1200 புள்ளி உள்ளவர் 1400 உள்ளவரிடம் எதிர்பார்க்கத்தக்க பெறுபேறு (வெற்றிக்கு 1, சமநிலைக்கு 0.5, தோல்விக்கு 0 என்ற கணக்கில்) ஏறத்தாழ 0.24 ஆகும். ஓர் ஆட்டத்தில் புள்ளி எவ்வளவு மாறலாம் என்பதை வரையறுக்கும் மாற்றக் காரணியை 20 என்று வைத்தால், புள்ளி குறைந்தவர் வென்றால் அவருக்கு 15 புள்ளி ஏறும், எதிராளிக்கு அதே 15 இறங்கும். புள்ளி கூடியவர் வென்றாலோ 5 புள்ளிதான் கைமாறும். பராமரிப்பு இவ்வளவே: ஆட்டம் முடிந்ததும் கொப்பியில் இரண்டு எண்களைத் திருத்துகிறேன். பழைய முறையில் ஒவ்வொரு வாரமும் காலாவதியான புள்ளிகளைத் தேடிக் கழிக்க வேண்டியிருந்தது. ஒரு வாரம் தவறினாலும் பட்டியல் முழுவதும் பிழைத்துவிடும். சர்வதேச காற்பந்துச் சம்மேளனமும் 2018இல் எலோவைத் தழுவிய கணிப்புக்கே மாறியது.

எனினும், என் அனுபவம் இரண்டு ஆண்டும் 18 பிள்ளைகளும்தான். பெரிய கழகங்களுக்கும் இதுவே உகந்தது என்று அதைக்கொண்டு நான் வாதிட மாட்டேன். எங்களுக்குள்ளேயே ஆடிப் பெற்ற எண்களை வெளிப்போட்டி எண்களோடு ஒப்பிடவும் கூடாது. உயர்ந்த புள்ளியைக் காக்க ஆடாமல் ஒதுங்கும் பிள்ளைகளும் உண்டு. மூன்று மாதம் ஆடாதவர் பெயரை இப்போது பட்டியலில் தனியே எழுதுகிறேன், புள்ளியைக் குறைப்பதில்லை.