தங்கம் உரிந்த ஷேவிங் செட்: 9,300 ரூபாய் போன கதை, பழைய ரேசர் வாங்குபவர்கள் படித்துவிட்டுப் போங்கள்

கோபத்தில் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். தாடையில் வெட்டுக்காயத்துக்கு ஒட்டிய பிளாஸ்டரை இன்னும் எடுக்கவில்லை. 9,300 ரூபாய் போய்விட்டது. கடைப் பெயரைக் கேட்காதீர்கள், போடப் போவதில்லை. தென் மாவட்டத்து ஊர் ஒன்றில் தேக்கு அலமாரி, சாவி கொடுக்கும் சுவர்க்கடிகாரம், பீங்கான் ஜாடி, துருப்பிடித்த எனாமல் போர்டு எல்லாம் விற்கிற பழம்பொருள் கடை. அதற்கு மேல் அடையாளம் வேண்டாம்.

எனக்கு நாலு வருஷமாகப் பழைய ஷேவிங் செட் பைத்தியம். அப்பா வைத்துவிட்டுப் போன மூன்று துண்டு ரேசரில் ஆரம்பித்தது. இரண்டு பக்கம் கூர் உள்ள பிளேடு இன்னும் பெட்டிக்கடையிலேயே கிடைக்கிறது என்பதால், அறுபது வருஷத்துப் பழைய செட்டையும் நாளைக் காலையே எடுத்து ஷேவ் பண்ணலாம். அந்த ருசிதான்.

அந்தக் கடைக் கண்ணாடிப் பெட்டியில், ஓடாத பாக்கெட் வாட்சுகளுக்கு நடுவில் அது கிடந்தது. ஜில்லெட் கம்பெனியின் அட்ஜஸ்டபிள் ரேசர். சேகரிப்பவர்கள் ஃபேட்பாய் என்று கூப்பிடுவது. பெயருக்கு ஏற்ற மாதிரி கைப்பிடி குட்டையாக, தடியாக இருக்கும். கழுத்தில் 1 முதல் 9 வரை எண் போட்ட வளையம். அதைத் திருப்பினால் பிளேடுக்குக் கீழே உள்ள இடைவெளி கூடும், குறையும். அடிக் குமிழைத் திருகினால் தலையில் இரண்டு கதவுகள் சிறகு மாதிரி விரியும். அமெரிக்காவில் வந்த புதிதில் விலை 1 டாலர் 95 சென்ட், அதனாலேயே அதற்கு 195 என்று பெயர். தலையைத் தூக்கி அடியில் பார்த்தேன். ஒரு பக்கம் ‘எஃப்’, மறுபக்கம் 3. எழுத்து வருஷத்தைச் சொல்லும், எண் காலாண்டைச் சொல்லும். 1960, மூன்றாம் காலாண்டு. கை சில்லிட்டுப்போனது.

“1920ல வந்தது தம்பி. துரை வச்சிருந்தது” என்றார் கடைக்கார அண்ணாச்சி.

1920இல் இந்த மாடல் பிறக்கவே இல்லை. உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். அப்போதே கிளம்பியிருக்க வேண்டும். ஆனால் அடுத்த வரி சொன்னார் பாருங்கள்: “கொடைக்கானல்ல ஒரு மிஷன் பங்களாவைக் காலி பண்ணும்போது எடுத்த சாமான்.” அங்கேதான் விழுந்தேன். மதுரை அமெரிக்கன் மிஷன்காரர்கள் 1845லேயே கொடைக்கானலில் வீடு கட்டிக் குடியேறியவர்கள். அமெரிக்க வீடு, அமெரிக்க ரேசர், எல்லாம் ஒத்துப்போகிறதே! அவர் சொன்னது ஒரு வரி. மிச்சக் கதையை என் படிப்பை வைத்து நானே கட்டிக்கொண்டேன்.

காபி வந்தது. ஃபில்டர் காபி, டபராவோடு. “உங்கள மாதிரி விஷயம் தெரிஞ்சவங்க கைக்குப் போனாத்தான் எனக்குத் திருப்தி” என்றார். 7,300 சொன்னவர், கேஷ் என்றால் 6,800 என்றார். பில் கேட்டேன். “நமக்குள்ள எதுக்குத் தம்பி பில்லு?” டைரித் தாள் ஒன்றைக் கிழித்து ‘1 செட் 6800’ என்று எழுதிக் கையெழுத்துப் போடாமல் கொடுத்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன்.

இது வரைக்கும்கூடப் பரவாயில்லை. விலை கொஞ்சம் அதிகம், ஆனால் பொருள் அசல். அந்த ரேசருக்கு ஒரு வியாதியும் இல்லை. கதவுக் கீலில் கொஞ்சம் பச்சைக் களிம்பு, பல் வரிசையில் சோப்புக் கறை, அவ்வளவுதான். வெதுவெதுப்பான தண்ணீர், பாத்திரம் துலக்கும் லிக்விட், பழைய டூத் பிரஷ். அடிக் குமிழில் தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு. அரை மணி நேர வேலை. ஏழெட்டு ரேசர் இப்படியே நானே சுத்தம் பண்ணியிருக்கிறேன்.

அவர் அதை டியூப்லைட்டுக்கு அடியில் பிடித்து, கறையை நகத்தால் சுரண்டிக் காட்டினார். “முகம் செத்துப்போச்சு தம்பி. நம்ம மாஸ்டர்கிட்ட குடுத்தா நிக்கல் போட்டுக் கம்பெனியில இருந்து வந்த மாதிரி ஆக்கிருவாரு. கோயில் வேலையெல்லாம் அவருதான்.” கோயில் வேலை என்றதும் வாய் அடைத்துவிட்டது எனக்கு. 2,500 ரூபாய் ஜிபேயில் போட்டேன். ஆக மொத்தம் 9,300.

பன்னிரண்டு நாள் கழித்து பார்சல் வந்தது. பிரித்தால் தங்கம்! மினுமினு என்று, நகைக்கடை விளம்பரம் மாதிரி. போன் பண்ணினேன். “நிக்கல்தானே அண்ணாச்சி பேசினோம்?” “தங்க முலாமே போட்டுக் குடுத்திருக்கேன், எக்ஸ்ட்ரா ஒரு ரூபா கேட்டேனா?” நான் என்ன செய்தேன் தெரியுமா? நன்றி சொன்னேன். அன்று சாயங்காலம் முழுக்க வீட்டுக்கு வந்தவர்களிடம் எல்லாம் எடுத்துக் காட்டினேன். இதை எழுதும்போதே எனக்கு எரிகிறது.

ஞாயிற்றுக்கிழமை காலை. எவர்சில்வர் மக்கில் வெந்நீர். ரேசரை முக்கினேன். தலை ஓரத்தில் சின்னதாக ஒரு கொப்புளம் எழும்பியது. விரலால் தொட்டதும் வெங்காயச் சருகு மாதிரி உரிந்து, தண்ணீரில் மிதந்தது. முலாம் இப்படி உரியாது, இது பெயிண்ட். ஸ்ப்ரே பெயிண்ட்! அடியில் நிக்கல் இருக்கிறதா என்று பார்த்தால் அதுவும் இல்லை. மெருகு ஏற்றத் தேய்க்கும் பஃபிங் சக்கரத்தில் வைத்து மொத்தமாக வழித்து எடுத்திருக்கிறார்கள், வெறும் பித்தளை பல் இளிக்கிறது. தலைக்கு அடியில் பார்த்தேன். ‘எஃப்’ போயே போய்விட்டது. 3 இருந்த இடத்தில் ஒரு கொக்கி மட்டும். அறுபது வருஷத்துக்கு மேல் தாக்குப்பிடித்த எழுத்து, இந்த மாஸ்டர் கையில் போயிற்று. வளையம் 4க்கும் 5க்கும் நடுவில் பெயிண்டில் ஒட்டிக்கொண்டு திரும்ப மறுக்கிறது. ஒரு பக்கக் கதவு சரியாக உட்காரவில்லை. இத்தனையும் பார்த்த பிறகும் பிளேடு போட்டு இழுத்தேனே, என்னைச் சொல்ல வேண்டும். பிளாஸ்டர் அதற்குத்தான்.

உடனே கடைக்குப் போன். பையன் எடுத்தான். “அண்ணாச்சி சாப்பிடப் போயிருக்காங்க.” காலை பத்தரை மணிக்கு! மத்தியானம் கிடைத்தார். “வெந்நீர்ல யாரு போடச் சொன்னா? அது ஷோவுக்குத் தம்பி.” ரேசரை வெந்நீரில் போடாமல் பாயசத்திலா போடுவார்கள்? சரி, மாஸ்டரிடம் பேசுகிறேன் என்றேன். மாஸ்டர் குலதெய்வம் கோயிலுக்குப் போயிருக்கிறாராம், நம்பர் கிடையாதாம். திங்கட்கிழமை பேச்சே மாறிவிட்டது. “பழைய பொருளுக்கு கேரண்டி கிடையாதுன்னு போர்டே வச்சிருக்கோம், நீங்க பாக்கலையா?” 2,500ஐ மட்டுமாவது திருப்பிக் கொடுங்கள் என்று கெஞ்சினேன். “பாலிஷ் கூலி போனது போனதுதான தம்பி.” உரிந்த பெயிண்டைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். இரண்டு நீல டிக் விழுந்தது. சாயங்காலம் பார்த்தால் அவர் முகப்புப் படம் மறைந்துவிட்டது, என் மெசேஜ் எல்லாம் ஒற்றை டிக்கோடு நிற்கிறது. கடைசி வரைக்கும் தம்பி என்றுதான் கூப்பிட்டார், அதுதான் தாங்கவில்லை.

தெருமுனை சலூனில் ஷேவிங் 100 ரூபாய். 9,300க்கு 93 தடவை ராஜா மாதிரி உட்கார்ந்து செய்திருக்கலாம். இந்தக் கணக்கைப் போட்டவள் என் மனைவி.

பழைய ரேசர் வாங்குவது, சுத்தம் செய்வது பற்றி விலாவாரியாகப் பத்துக் குறிப்பு எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். இப்போது மனசு இல்லை. அவசரத்துக்கு இவ்வளவுதான். பஃபிங் சக்கரம் பக்கமே விடாதீர்கள், பழைய நிக்கலும் முலாமும் தாள் கனம்கூடக் கிடையாது. புளி, எலுமிச்சை, வினிகர் எதுவும் போடாதீர்கள், குத்துவிளக்கு வேறு, இது வேறு. கொதிக்க வைக்காதீர்கள். யாரிடமாவது கொடுத்தே ஆக வேண்டும் என்றால் அடியில் உள்ள எழுத்தையும் எண்ணையும் அவர் கண் முன்னால் போட்டோ எடுத்துக்கொண்டு கொடுங்கள். வாங்கும்போது பிளேடு போட்டுக் கதவை மூடி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், இரண்டு பக்கமும் இடைவெளி ஒரே மாதிரி தெரிய வேண்டும். கேஷ் கொடுத்தால் 500 குறைக்கிறேன் என்றால் அந்த 500ஐ மறந்துவிடுங்கள். காபி குடிக்காதீர்கள்.

1915 நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் பண்ணச் சொல்கிறாள் மனைவி. ஜிபேயில் 2,500க்கு ஆதாரம் இருக்கிறது, 6,800க்கு அந்த டைரித் தாள் மட்டும்தான். ஒரு மணி நேரமாகத் தேடுகிறேன். சட்டையோடு துவைக்கப் போட்டுவிட்டேனோ என்று இப்போதுதான் தோன்றுகிறது, சட்டை மாடியில் காய்கிறது.