கார்ல ஹெட்டர்ஸ் போடப் போறவங்க தயவுசெஞ்சு இதைப் படிச்சுட்டுப் போங்க

தஞ்சாவூர் பைபாஸ் பக்கம் ஒரு ஒர்க்ஷாப், பேர் போடல. மார்கழி கடைசியில என் 2002 ஹோண்டா சிட்டி வீடெக்குக்கு அங்கதான் ஹெட்டர்ஸ் போட விட்டேன். இன்ஜின் புகைய வெளிய எடுக்குற கம்பெனி மேனிஃபோல்டக் கழட்டிட்டு, அதுக்குப் பதிலா சிலிண்டருக்கு ஒண்ணா மாட்டுற பைப்புங்கதான் ஹெட்டர்ஸ். ஸ்டெயின்லெஸ் 4-2-1 (நாலு பைப்பு ரெண்டாகி, அப்புறம் ஒண்ணாகும்), கூலியோட 38,000 ரூபாய். "அப்படியே போல்ட் போட்டா உக்காந்துரும் தம்பி, ஒரு நாள் வேலை"ன்னாங்க, மூணு நாள் ஆச்சு.

வண்டிய எடுத்துட்டு வரும்போதே கிளட்ச் விடுறப்பல்லாம் அடியில டங்குன்னு இடிச்சுது. போன் பண்ணா "புது பைப்பு தம்பி, நாலு நாள் ஓடுனா செட்டாயிரும்"னு சொன்னாங்க, நம்பிட்டேன். காலைல ஸ்டார்ட் பண்ணா டிக் டிக்னு சத்தம், சூடானா குறையும். மைலேஜ் 12லேர்ந்து 9க்கு வந்துருச்சு.

பொங்கல் முடிஞ்சு அப்பா அம்மாவ கூட்டிக்கிட்டு வடுவூர் தாண்டி உள்ரோட்டுல போறேன், சம்பா அறுப்பு நேரம், ரோடு முழுக்க வைக்கோல். நம்ம ஊர்ல காலங்காலமா அப்படித்தான், அவங்க மேல குத்தமே இல்ல. ஒரு கிலோமீட்டர் போனதும் அம்மா "டேய், ஏதோ கருகுற வாடை வருதுடா"ன்னாங்க. நிறுத்தி குனிஞ்சு பாத்தா இன்ஜின் அடியில ஆயில் தேங்குற சம்ப்புக்குக் கீழ பைப்புல கை தடிமனுக்கு வைக்கோல் சுத்திக்கிட்டு, உள்ள செவப்பா கனியுது. குச்சியால இழுத்துப் போட்டோம், மேட்டூர் அப்ப மூடல, வாய்க்கால்ல தண்ணி இருந்துச்சு, அப்பா கேன்ல மொண்டு மொண்டு ஊத்துனாரு. அன்னைக்கு அவரு கை நடுங்குனது இன்னும் கண்ணுக்குள்ளயே இருக்கு.

மன்னார்குடில எங்களுக்குத் தெரிஞ்ச மெக்கானிக் அண்ணன் வண்டிய லிஃப்ட்ல ஏத்தி டார்ச் அடிச்சுக் காட்டுனாரு. மூணாவது பைப்பு கிராஸ்மெம்பர்ல, அதான் அடியில குறுக்கப் போற இரும்புச் சட்டத்துல, இடிக்குதுன்னு சுத்தியலால அடிச்சு சப்பையாக்கியிருக்காங்க, அப்பவும் இடிக்குது. பைப்பு மறைக்குறதால ஸ்பேனர் போகாத இடத்துல ரெண்டு நட்டு போடவே இல்ல. அது வழியாத்தான் லீக்கு, அங்க காத்து உள்ள போயி ஆக்சிஜன் சென்சார் பெட்ரோல் கம்மியா இருக்குன்னு தப்பா காட்ட, இன்ஜின கன்ட்ரோல் பண்ற கம்ப்யூட்டர் (ஈசியூ) இன்னும் பெட்ரோல ஊத்தியிருக்கு. ரேடியேட்டர் ஃபேன் ஒயர் உருகி செம்பு தெரியுது. சூட்ட மறைக்குற கம்பெனி தகடு, ஹீட் ஷீல்டு, காணோம். புகையோட நச்ச கொறைக்குற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் இல்ல, நேரா பைப்ப வெல்ட் பண்ணி விட்டுட்டாங்க, என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. அதுல பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம்னு விலை ஒசந்த உலோகம் இருக்கு, சும்மாவா தூக்கிப் போட்டிருப்பாங்க?

அண்ணன் சொன்னாரு, தப்பு பைப்புல மட்டும் இல்ல தம்பி, இருவது வருச வண்டி, இன்ஜினத் தாங்குற மவுண்ட் ரப்பர் செத்து இன்ஜினே கீழ தொங்குது, அதைப் பாக்காம ஹெட்டர் மாட்டுனா எங்க இடைவெளி கிடைக்கும்னு. முதல்ல மவுண்ட் மாத்துனாரு. இன்ஜின ஜாக்கில லேசா தூக்கி, கேஸ்கெட்டோட சும்மா மாட்டிப் பாத்தாரு. கொஞ்சம் களிமண்ண உருட்டி பைப்புக்கும் கிராஸ்மெம்பருக்கும் நடுவுல ஒட்டிட்டு இன்ஜின கையால முன்னும் பின்னும் ஆட்டுனாரு, எடுத்தா வெத்தல கணக்கா நசுங்கியிருந்துச்சு. ஒரு விரல் தடிமனாவது மிஞ்சணுமாம், ஆக்சிலேட்டர் மிதிக்குறப்ப இன்ஜின் ஆடும்ல. அப்புறம் சப்பையான துண்ட அறுத்துட்டு வளைவு மாத்தி வெல்ட் வச்சாரு, பைப்புங்க எல்லாம் ஒண்ணா சேர்ற இடத்துக்குப் பின்னாடி ஆட்டத்துக்கு வளைஞ்சு குடுக்குற ஃப்ளெக்ஸ் பைப்பு, ஃபேன் பக்கம் தகட்டுல ஷீல்டு. ரெண்டு நாள் ஓட்டிட்டு வரச்சொல்லி நட்ட மறுபடி டைட் வச்சாரு. லேசா குழி விழுந்தா பரவால்ல, சப்பையா போனா அந்த சிலிண்டர் மூச்சு திணறும்னாரு.

பழைய மேனிஃபோல்டு, ஷீல்டு, கன்வெர்ட்டர் மூணையும் கேட்டு திரும்ப தஞ்சாவூர் போனேன். "எடைக்குப் போட்டாச்சு"ன்னாங்க, முகத்தக்கூட பாக்கல. கன்வெர்ட்டர் இல்லாம ஓட்டுறது சட்டப்படி தப்பு, பிடிச்சா மாட்டுறது நான்தான். அதனால விடுறதா இல்ல. நல்லவேளை, பணம் குடுக்குறப்ப பில்லு எழுதி வாங்கியிருந்தேன், ஜிபே பண்ணதும் இருக்கு, லிஃப்ட்ல எடுத்த போட்டோவும் இருக்கு. 2019 நுகர்வோர் சட்டப்படி நாம இருக்குற மாவட்டத்துலயே கேஸ் போடலாம், குடுத்த பணம் 5 லட்சம் வரைக்கும்னா ஃபீஸ் கிடையாது. திங்கக்கிழமை திருவாரூர் ஆணையத்துல மனு குடுக்குறேன்.

அதே பைபாஸ்ல வண்டி விட்டு இதே மாதிரி பைப்பு சப்பையானவங்க இருந்தா பில்ல தூக்கிப் போட்றாதீங்க, என்கிட்ட பேசுங்க.