தட்டான் தொட்டது பொன்தான், ஆனால் எதைத் தொடுகிறது?

"என் ரக்கூனைத் தர்றேன், உன் தட்டானைத் தர்றியா?" என்று நண்பன் கேட்டான். ரோப்லாக்ஸில் உள்ள க்ரோ எ கார்டன் என்ற தோட்ட விளையாட்டை விளையாடுகிறவர்களுக்கு இதில் உள்ள கிறுக்குத்தனம் புரியும். அதில் பெட், அதாவது தோட்டத்துக்கு உதவும் வளர்ப்புப் பிராணி, முட்டை பொரித்தால் கிடைக்கும். ரக்கூன் கிடைக்கும் வாய்ப்பு நைட் முட்டையில் 0.1 சதவீதம். டிராகன்ஃப்ளை, அதாவது நம் தட்டான், பக் முட்டையில் 1 சதவீதம். சக்தி வாய்ந்த பெட் என்று யார் வரிசை போட்டாலும் ரக்கூன் தட்டானுக்கு மேலே தான் நிற்கும். கேட்ட மாத்திரத்தில் நான் தலையாட்டியிருக்க வேண்டும். "யோசிச்சுச் சொல்றேன்" என்றேன்.

எட்டு மாதமாக அந்தத் தட்டானைத் திட்டிக்கொண்டிருப்பவன் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

அது செய்வது ஒரே வேலை. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தோட்டத்தில் ஏதோ ஒரு பழத்தைப் பொன்னாக்கும். பொன்னான பழத்துக்கு 20 மடங்கு விலை. தட்டான் என்றால் பூச்சியும் உண்டு, பொற்கொல்லரும் உண்டு. தமிழ் தெரியாத யாரோ உருவாக்கிய விளையாட்டில் இந்த இரண்டும் ஒன்றாக வந்து உட்கார்ந்தது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான். அந்தச் சந்தோஷத்திலேயே முதல் வாரம் ஓடிவிட்டது.

பக் முட்டை ஒன்று 5 கோடி ஷெக்கிள்ஸ், அதாவது விளையாட்டுக் காசு. பொரிக்க 8 மணி நேரம். எனக்கு 47ஆவது முட்டையில் கிடைத்தது. அதற்குள் நத்தைகளும் எறும்புகளும் சேர்ந்து பையே ஒரு புற்று போல ஆகிவிட்டது. இதைக்கூட அதிர்ஷ்டம் என்றுதான் சொல்ல வேண்டும். 1 சதவீதம் என்றால் 100 முட்டையில் ஒன்று நிச்சயம் என்று பலர் நினைக்கிறார்கள். கணக்கு அப்படி இல்லை. 100 முட்டை பொரித்த பிறகும் கிட்டத்தட்ட 37 சதவீதம் பேர் வெறுங்கையோடுதான் நிற்பார்கள்.

சரி, எரிச்சல் கதைக்கு வருகிறேன். அந்த "ஏதோ ஒரு பழம்" என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. அப்போது என் தோட்டத்தில் பாதிக்கு மேல் ஸ்ட்ராபெரியும் ப்ளூபெரியும்தான். ஆரம்ப காலத்தில் ஆசையாக நட்டவை. 50 ஷெக்கிள்ஸ் விதை, 400 ஷெக்கிள்ஸ் விதை. பின்பக்கம் மாவும் திராட்சையும் தொங்கும். திராட்சை விதை ஒன்றுக்கு எட்டரை லட்சம் கொடுத்தேன். தட்டான் சிறகடித்துத் திராட்சைப் பக்கம் போகும், நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பேன், அது அப்படியே திரும்பி வந்து ஒரு ப்ளூபெரியைப் பொன்னாக்கும். 20 மடங்குதான், ஆனால் எதற்கு 20 மடங்கு? சில்லறைக்கு 20 மடங்கு சில்லறைதானே.

ஒரு நாள் பொறுக்காமல் உட்கார்ந்து எண்ணினேன். தோட்டத்தில் சுமார் 200 பழம். அதில் 150 மலிவானவை. மணிக்கு 12 பழம் பொன்னாகிறது என்றால் அதில் 9 வீண், 3தான் உருப்படி. இரண்டாவது தட்டானுக்காக இன்னும் எத்தனை நத்தையைப் பொரிப்பது என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்த எனக்கு அப்போதுதான் உறைத்தது. மண்வெட்டியை எடுத்து அந்த மலிவுச் செடிகளை எல்லாம் பிடுங்கி எறிந்தால் 12ம் உருப்படி. நான்கு தட்டான் வைத்திருப்பதற்குச் சமம், செலவு ஒரு காசு கிடையாது. பெட்டின் சக்தியைப் பற்றிப் பேசுகிறவர்கள் யாரும் எனக்கு இதைச் சொல்லவில்லை. எல்லாரும் பெட்டைத்தான் பார்க்கிறார்கள், அது மேயும் தோட்டத்தை யார் பார்க்கிறார்கள்?

பிடுங்கினேன். அரை மணி நேரம் ஆனது. முதன்முதலாக நட்ட ஸ்ட்ராபெரியைப் பிடுங்கும்போது கொஞ்சம் கை தயங்கியது, பொய் சொல்ல மாட்டேன்.

அதன் பிறகு வந்த வாரங்கள் இந்த விளையாட்டில் எனக்கு வாய்த்த மிக நல்ல நாட்கள். ஓர் இரவு இடி மழை. ஏற்கெனவே பொன்னாகியிருந்த மாம்பழம் ஒன்றின் மேல் மின்னல் விழுந்தது. மின்னல் பட்ட பழத்துக்கு 100 மடங்கு. பொன்னின் 20 அதோடு கூட்டப்படுவதில்லை, பெருக்கப்படுகிறது. ஆக 2,000 மடங்கு. அந்தப் பழத்தைப் பறிக்காமல் பத்து நிமிடம் சும்மா பார்த்துக்கொண்டே இருந்தேன். மழை தானாக வருகிறது, மின்னலும் தானாக விழுகிறது. அது விழுகிற இடத்தில் பொன் காத்திருக்க வேண்டும் என்றால் தட்டான் வேண்டும்.

ஆனால் மலிவுச் செடியைப் பிடுங்கியதற்கு ஒரு விலை இருந்தது. பெட்டுக்குப் பசிக்கும். பசி முற்றினால் வேலையும் செய்யாது, வளரவும் செய்யாது. இவ்வளவு நாளும் அதற்குத் தீனி அந்த ஸ்ட்ராபெரிதான். இப்போது மாம்பழம் ஊட்ட வேண்டியிருக்கிறது. ஊட்டுவது எப்படி? பழத்தைக் கையில் எடு, பெட்டின் அருகில் போ, பொத்தானை அழுத்து. ஒரு காலை, தூக்கக் கலக்கம். பையைத் திறந்து ஒரு திராட்சையை எடுத்தேன், அழுத்தினேன். கையில் மினுங்கியதை அழுத்திய பிறகுதான் கவனித்தேன். அது பொன் திராட்சை. அவரே செய்த பொன்னை, செய்கூலி சேதாரம் எல்லாம் சேர்த்து, அவரே சாப்பிட்டுவிட்டார். தப்பு என் மேல்தான், தெரியும். இருந்தாலும் அன்று முழுக்க அந்தப் பூச்சியின் முகத்தில் விழிக்கப் பிடிக்கவில்லை.

மற்ற பெட்டுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. டிஸ்கோ தேனீ தரும் 125 மடங்கைக் கேட்டதும் வாய் பிளக்கும். ஆனால் அது 20 நிமிடத்துக்கு ஒருமுறைதான் முயலும், அதிலும் பலிப்பது 15 சதவீதம். சராசரி பார்த்தால் ஒரு பழத்துக்கு 2 மணி நேரத்துக்கு மேல் ஆகும். அந்த நேரத்தில் தட்டான் 26 பழத்தைப் பொன்னாக்கியிருக்கும். விலை உயர்ந்த ஒரே மரத்தை வைத்துக்கொண்டு நாள் பூராவும் திறந்து வைத்திருப்பவர்களுக்குத் தேனீ சரி; என்னைப் போல அரை மணி நேரம் எட்டிப் பார்ப்பவர்களுக்கு அல்ல. ராணித் தேனீயின் அழகு வேறு. அதிக நேரம் காத்திருக்க வேண்டிய பெட்டை அது உடனே தயாராக்கிவிடும். தனியாக அது பெரிதாக ஒன்றும் இல்லை, பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பதுதான் விஷயம்.

ரக்கூனும் அப்படித்தான். பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை பக்கத்துத் தோட்டத்துக்குப் போய் ஒரு பழத்தின் நகலைக் கொண்டுவரும். பக்கத்துக்காரர் பெரிய கை என்றால் யோகம். ஆனால் 2025 ஜூனில் ஒரே சமயத்தில் 2 கோடிப் பேருக்கு மேல் விளையாடிய இந்த விளையாட்டில், நம் சர்வரில், அதாவது நம்மோடு ஒரே இடத்தில் விளையாட, வந்து விழுவது நாலைந்து பேர்தான். அந்த நாலு பேரும் அன்றுதான் சேர்ந்தவர்கள் என்றால்? நண்பன் ரக்கூனைத் தள்ளிவிடப் பார்த்ததன் காரணம் அதுதான். நேற்று மாலை முழுக்க அது கேரட்டாகக் கொண்டுவந்து குவித்ததாம்.

"அப்ப உன்னோடது எவ்வளவோ மேல்தானே?" என்றான்.

"மேலாவது ஒண்ணாவது, வாங்காதே, ரத்தக் கொதிப்பு வரும்" என்றேன். மனசாரத்தான் சொன்னேன். புதிதாக ஆரம்பிக்கிறவர் யாராவது கேட்டாலும் இதையேதான் சொல்வேன்: அந்த 47 முட்டைக் காசில் நல்ல விதையாக வாங்கிப் போடுங்கள்.

"அப்ப ஏன் தர மாட்டேங்கிற?"

அதற்குப் பதில் சொல்லாமல் பேச்சை மாற்றிவிட்டேன்.

திராட்சைச் சம்பவத்துக்குப் பிறகு, தீனிக்கு என்று மூலையில் ஒரே ஒரு ஸ்ட்ராபெரிச் செடியைத் திரும்ப நட்டிருந்தேன். மாவும் திராட்சையுமாக 150க்குக் குறையாத பழம், நடுவில் சிவப்பாக இரண்டே இரண்டு ஸ்ட்ராபெரி. நண்பனோடு பேசி முடித்துவிட்டுத் திரும்பிப் பார்க்கிறேன், தட்டான் அந்த மூலையை நோக்கித்தான் போய்க்கொண்டிருந்தது.