ஆறு வருடம் ஜெமாலாக்கோடு: கன்ஃபிகர் வரியில் என்ன எழுதினோம், எதில் அடி வாங்கினோம்

எங்கள் சி சர்வரில், புரோகிராம் கேட்கும்போது மெமரி எடுத்துத் தருகிற வேலையைச் செய்த ஜீலிப்சியின் (லினக்ஸில் வழக்கமாக இருக்கும் சி லைப்ரரி) மாலாக்கைத் தூக்கிவிட்டு, அதே வேலையைச் செய்யும் ஜெமாலாக் லைப்ரரியைப் போட்டு ஆறு வருடம் ஆகிறது. 5.2.1-ல் ஆரம்பித்தோம், 2022-ல் 5.3.0 வந்ததும் அதற்கு மாறினோம், இன்றும் அதில்தான் ஓடுகிறது. வேகம் எப்படி, மெமரி எவ்வளவு மிச்சம் என்பதையெல்லாம் நிறைய பேர் அளந்து எழுதிவிட்டார்கள், அதை விட்டுவிடுகிறேன். நான் சொல்ல வந்தது கம்பைல் செய்யும்போது, பில்டை அமைத்துத் தரும் கன்ஃபிகர் ஸ்கிரிப்ட்டுக்குக் கொடுக்கிற ஆப்ஷன்களைப் பற்றி. ஓடும்போது மாற்றக்கூடியதை ராத்திரி இரண்டு மணிக்குக்கூட ஒரு என்விரான்மென்ட் வேரியபிளில் மாற்றி ரீஸ்டார்ட் செய்துவிட்டுத் தூங்கப் போகலாம். பில்டில் முடிவானதற்கு அந்த வசதி கிடையாது. மறுபடி கம்பைல், மறுபடி டெஸ்ட், மறுபடி எல்லா மெஷினுக்கும் அனுப்பு. இதில் மோசமான விஷயம், நாம் எதுவும் எழுதாமல் விட்டாலும் முடிவு எடுக்கப்படுகிறது என்பதுதான், எடுப்பது நம் பில்டு மெஷின்.

முதல் அடி பேஜ் சைஸில், அதாவது கெர்னல் மெமரியைப் பிரித்துக் கொடுக்கிற துண்டின் அளவில். வித்-எல்ஜி-பேஜ் என்று ஒரு ஆப்ஷன் உண்டு, இரண்டின் அடுக்காகக் கொடுக்க வேண்டும்: 12 என்றால் 4 கேபி, 14 என்றால் 16 கேபி, 16 என்றால் 64 கேபி. கொடுக்காவிட்டால் கம்பைல் நடக்கிற மெஷினின் பேஜ் சைஸ் என்னவோ அதையே பதித்துவிடும், கிராஸ் கம்பைல் (வேறு வகை மெஷினுக்காக இங்கே கட்டுவது) என்றால் கேட்காமலேயே 12. எக்ஸ்86 மட்டும் வைத்திருப்பவர்களுக்கு இதனால் ஒன்றும் ஆகாது, அங்கே எப்போதும் 4 கேபிதான். ஏஆர்எம் 64-ல் அப்படி இல்லை, கெர்னலைப் பொறுத்து மூன்றில் எதுவாகவும் இருக்கலாம். எங்கள் ஏஆர்எம் பில்டு நடந்தது 4 கேபி மெஷினில். ஒரு கிளைமாக்ஸ் மாதிரி, டெமோவுக்கு முந்தைய நாள் அதே பைனரியை ராஸ்பெர்ரி பை 5-ல் போட்டோம், அதன் வழக்கமான 64-பிட் கெர்னல் 16 கேபி பேஜில் ஓடுவது. ஸ்கிரீனில் “அன்சப்போர்ட்டட் சிஸ்டம் பேஜ் சைஸ்” என்று ஒரே வரி ஏழெட்டு தடவை, அதற்குக் கீழே எங்கள் புரோகிராமின் சொந்த மெசேஜ்: மெமரி இல்லை. 8 ஜிபி போர்டு, ஃப்ரீ கமாண்ட் அடித்துப் பார்த்தால் ஏழு ஜிபிக்கு மேல் சும்மா கிடக்கிறது! மேலே இருந்த வரியைப் படிக்காமல் கீழே இருந்த வரியைப் பிடித்துக்கொண்டு அரை நாள் போனது. கெட்கான்ஃப் பேஜ்சைஸ் என்று அடித்து அந்த மெஷினின் பேஜ் சைஸைப் பார்த்திருந்தால் ஒரு நிமிட வேலை.

பெரிய பேஜுக்குக் கட்டியது சின்ன பேஜ் கெர்னலில் ஓடும், தலைகீழாக ஓடாது. அதனால் ஏஆர்எம் பைனரி வெளியே போகிறது, எந்தக் கெர்னலில் ஓடும் என்று தெரியாது என்றால் 16, அதாவது 64 கேபி, கொடுத்துவிடுங்கள். இலவசம் இல்லை. சின்ன அலொகேஷன்களுக்கு (புரோகிராம் கேட்டு வாங்கும் மெமரி) எடுக்கிற ஸ்லாப், அதாவது அவற்றை அடுக்கி வைக்கும் கட்டி, ஒவ்வொன்றும் குறைந்தது ஒரு பேஜ், அதாவது 64 கேபி ஆகிவிடும், கெர்னலுக்குத் திருப்பித் தருவதும் 64 கேபி கட்டிகளாகத்தான். அரினா (த்ரெட்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் தனித்தனி மெமரிக் குவியல்) நிறைய, டேட்டா கொஞ்சம் என்கிற சின்ன சர்வீஸ்களில் இந்த வீக்கம் கண்ணில் படும். நாங்கள் கிளவுடுக்கு ஒன்று, வெளியே போவதற்கு ஒன்று என்று இரண்டு பில்டு வைத்துக்கொண்டோம்.

இரண்டாவது, எனேபிள்-ப்ராஃப். இதை வேண்டாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள், முதல் இரண்டு வருடம் நாங்களே கேட்டு ஏமாந்தோம். ஹீப் ப்ரொஃபைலிங் (எந்த இடம் எவ்வளவு மெமரி எடுக்கிறது என்று பதிவது) கோடு உள்ளே வருமா வராதா என்பது கம்பைலில் முடிவாகிறது, சும்மா விட்டால் வராது. ஒரு நாள் மெமரி ஏறிக்கொண்டே போகிறது, அவசரமாக மாலாக்_கான்ஃப் என்கிற என்விரான்மென்ட் வேரியபிளில் ப்ராஃப்:ட்ரூ என்று கொடுத்தால் “இன்வேலிட் கான்ஃப் பேர்” என்று ஒரு வரி சொல்லிவிட்டு எதுவும் நடக்காததுபோல ஓடிக்கொண்டிருக்கிறது. அப்புறம் என்ன, புது பில்டு போட்டு ரீஸ்டார்ட் செய்தால் லீக் ஆன மெமரியும் போய்விட்டது, மறுபடி ஏறுவதற்கு ஐந்து நாள் காத்திருந்தோம். இப்போது எல்லா பில்டிலும் ப்ராஃப் உண்டு, ப்ராஃப்:ட்ரூ, ப்ராஃப்_ஆக்டிவ்:ஃபால்ஸ் என்று தொடங்குகிறோம். தேவைப்படும்போது ஜெமாலாக்கின் மால்சிடிஎல் ஃபங்ஷன் வழியாக ஆக்டிவாக்கிக்கொள்ளலாம். சாதாரணமாகச் சராசரியாக 512 கேபிக்கு ஒரு சாம்பிள்தான் எடுக்கும், அதனால் ஆன் செய்த பிறகும் எங்கள் சர்வரில் வித்தியாசம் தெரியவில்லை. எந்த ஃபங்ஷன்கள் வழியாக அலொகேஷன் வந்தது என்று அறிய ஸ்டாக்கைப் பின்னோக்கி நடப்பதற்கு லிப்அன்வைண்ட் லைப்ரரியா, ஜிசிசி கம்பைலரின் சொந்த வழியா என்பதற்கும் தனி ஆப்ஷன் இருக்கிறது. நாங்கள் லிப்அன்வைண்ட்.

ப்ரிஃபிக்ஸ் (பெயர்களுக்கு முன்னால் ஒட்டுவது) விஷயம் கொஞ்சம் சிரிப்பு. எங்கள் கோடின் ஒரு பகுதியைப் பைதான் லோடு செய்கிற மாடியூலாகவும் கொடுக்கிறோம். அங்கே மாலாக் என்கிற பெயரையே நாம் எடுத்துக்கொண்டால் யார் எடுத்த மெமரியை யார் ஃப்ரீ செய்கிறார்கள் என்று தெரியாமல் கிராஷ் ஆகும், அதனால் வித்-ஜெமாலாக்-ப்ரிஃபிக்ஸ் கொடுத்து ஜேஇ_மாலாக் என்று ஆக்கினோம். சரி. அதன் பிறகு மாலாக்_கான்ஃப் வேரியபிளில் என்ன எழுதினாலும் எடுக்கவில்லை. எழுத்துப்பிழையா, கமா தப்பா என்று இரண்டு நாள். ப்ரிஃபிக்ஸ் கொடுத்தால் அந்த வேரியபிளின் பெயருக்கு முன்னாலும் அது ஒட்டிக்கொள்கிறது, ஜேஇ_மாலாக்_கான்ஃப் என்று வைக்க வேண்டும். இன்ஸ்டால் குறிப்பில் தெளிவாக எழுதியிருக்கிறார்கள், படிக்காதது எங்கள் தப்பு. அதே மாடியூலில் “ஸ்டாட்டிக் டிஎல்எஸ் பிளாக்கில் இடமில்லை” என்கிற எரரும் வந்தது (டிஎல்எஸ் என்பது ஒவ்வொரு த்ரெட்டுக்கும் தனியாக இருக்கும் டேட்டா), டிஸேபிள்-இனிஷியல்-எக்ஸெக்-டிஎல்எஸ் போட்டதும் போய்விட்டது. ஒவ்வொரு அலொகேஷனிலும் த்ரெட் லோக்கல் டேட்டாவைத் தொடுவது கொஞ்சம் மெதுவாகும், ஆகட்டும்.

ரெடிஸ் என்கிற டேட்டாபேஸ் தன்னோடு சேர்த்து அனுப்பும் ஜெமாலாக்கை வித்-எல்ஜி-குவான்டம் 3 (சின்ன மெமரி அறைகளின் படி 8 பைட்) என்று கட்டுகிறது. அதைப் பார்த்து நாங்களும் காப்பி அடித்தோம். வழக்கமாக எக்ஸ்86-64-ல் 24 பைட் கேட்டால் 32 பைட் அறைதான் கிடைக்கும், 3 கொடுத்தால் 24-க்கே தனி அறை. எங்கள் லிஸ்ட் நோடு சரியாக 24 பைட், ஒரு கோடி நோடு இருந்தால் 80 எம்பி மிச்சம், ஆசை வராமல் இருக்குமா. ஒரு வாரம் நன்றாக ஓடியது. அப்புறம் வெளியிலிருந்து எடுத்துப் போட்ட ஒரு லைப்ரரி செக்ஃபால்ட் ஆகி விழுந்தது. டிஸ்அசெம்பிளியில் மூவாப்ஸ் (16-ன் மடங்கான மெமரி அட்ரஸை மட்டுமே ஏற்கும் சிபியு கட்டளை), அட்ரஸின் ஹெக்ஸ் கடைசி இலக்கம் 8. மாலாக் தருவது 16-ன் மடங்கில் இருக்கும் என்று கம்பைலர் நம்பி எழுதிய கோடு, நாம் 8-ன் மடங்கில் கொடுத்திருக்கிறோம். ரெடிஸ்காரர்களுக்குத் தங்கள் கோடு முழுக்கத் தெரியும், அவர்கள் செய்யலாம். நாங்கள் எடுத்துவிட்டோம்.

வித்-மாலாக்-கான்ஃப் பற்றி நல்ல வார்த்தை சொல்லியாக வேண்டும். ஓடும்போது கொடுக்கிற செட்டிங்கை பைனரிக்குள்ளேயே பதித்துவிடும், பிறகு என்விரான்மென்ட்டில் கொடுப்பது அதை மீறும். கன்டெய்னருக்கு இரண்டு சிபியு மட்டும் கோட்டா கொடுத்திருந்தாலும் 64 கோர் ஹோஸ்ட் என்றால் ஜெமாலாக் 64-ஐ எண்ணி நான்கால் பெருக்கி 256 அரினா வரை போகும். நாங்கள் அரினா எண்ணிக்கையை நாரீனாஸ்:8 என்று பதித்துவிட்டோம், யாரும் டிப்ளாய் ஃபைலில் மறக்கும் பேச்சே இல்லை.

எனேபிள்-டீபக் டெஸ்ட் சர்வருக்கு மட்டும், மெதுவாக ஊரும். ஆனால் ஃப்ரீ ஆன இடத்தை 5ஏ என்கிற பைட்டால் நிரப்பிவிடும், ஜிடிபி டீபக்கரில் பாயின்டர் 5ஏ5ஏ5ஏ5ஏ என்று வரிசையாகத் தெரிந்தால் ஃப்ரீ ஆன மெமரியைத் தொடும் குற்றவாளி கையும் களவுமாகச் சிக்கினான் என்று அர்த்தம். மெமரிப் புள்ளிவிவரத்தை எடுத்துவிடும் டிஸேபிள்-ஸ்டாட்ஸ் தொடவே வேண்டாம். பெரிய அலொகேஷன்கள் தொடங்கும் இடத்தைச் சிதறடிக்கும் கேஷ்-ஆப்ளிவியஸ் இன்னும் முடிவாகவில்லை: இருந்தால் ஒவ்வொரு பெரிய அலொகேஷனுக்கும் ஒரு பேஜ் கூடுதல், 16 கேபி கேட்டால் மோசமான நிலையில் 20 கேபி. எடுத்தால் எல்லாம் பேஜ் எல்லையிலேயே தொடங்கி சிபியு கேஷில் ஒரே இடத்துக்கு முண்டியடிக்கும். ரெடிஸ் எடுத்துவிடுகிறது, நாங்கள் வைத்திருக்கிறோம், வருடத்துக்கு ஒரு தடவை இதற்கு ஒரு சண்டை.

யாரோ கட்டிய லைப்ரரி கையில் கிடைத்தால் ஜெமாலாக்-கான்ஃபிக் கமாண்டுக்கு கான்ஃபிக் என்று கொடுங்கள், எந்த ஆப்ஷன்களோடு கட்டினார்கள் என்று அப்படியே சொல்லும். அந்தக் கமாண்ட் கூட வரவில்லை என்றால் ஸ்டாட்ஸ்_ப்ரின்ட்:ட்ரூ கொடுத்து ஒரு தடவை ஓட்டுங்கள், புரோகிராம் முடியும்போது வருகிற நீள ரிப்போர்ட்டின் ஆரம்பத்திலேயே பில்டு செட்டிங்குகள் இருக்கும். நான் இப்போது எந்தப் புது மெஷினிலும் முதலில் பார்ப்பது அதைத்தான்.